பயிற்சி ஆசிரியர்களின் நேரம் எங்கே போகிறது?

மதிப்பிற்குரிய இதழாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியையாகப் பணியாற்றி வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வரும் பி.எட். மாணவர்களில் கணிதப் பாடத்தைச் சேர்ந்த இருவரோ மூவரோ என் பொறுப்பில் விடப்படுகிறார்கள். பயிற்சிக் காலம் முடியப்போகும் வாரங்களில், எழுத வேண்டியவை மலைபோல் குவிந்து கிடக்க அவர்கள் தவிப்பதைப் பார்த்து, ‘நேரத்தைத் திட்டமிட்டுச் செலவழிக்கத் தெரியவில்லை’ என்று அவர்களுடைய கல்லூரியிலும் சொல்கிறார்கள். எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலும் சொல்கிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படியே சொல்லி வந்தேன். அதில் பாதிதான் உண்மை என்பதும், மறுபாதிக்குக் கல்லூரிகளும் எங்களைப் போன்ற பள்ளிகளுமே பொறுப்பு என்பதும் எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது. அதை எழுதவே இக்கடிதம்.

நான் படித்த காலத்தில் பி.எட். ஓராண்டுப் படிப்பு, கற்பித்தல் பயிற்சிக்கு 40 நாள் பள்ளிக்குப் போனோம். ஆசிரியர் கல்வியை ஆராய நீதிபதி ஜே.எஸ்.வர்மா தலைமையில் அமைந்த ஆணையம் 2012-ல் அறிக்கை அளித்த பின்னர், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் புதிய விதிமுறைகளைக் கொண்டுவந்தது. அதன்படி 2015-16 கல்வியாண்டு முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பாயிற்று. பள்ளியில் இருக்க வேண்டிய காலம் முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம் என மொத்தம் 20 வாரம் ஆனது. இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன். 40 நாளில் ஒரு வகுப்பின் முகங்கள் பழகுவதற்குள் நாங்கள் விடைபெற்றுக்கொண்டு கிளம்பினோம். இப்போது வருபவர்களுக்கு ஒரு பாடத்தைத் தொடங்கி, நடத்தி, தேர்வு வைத்து, பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்று பார்த்து மறுபடி சொல்லிக்கொடுக்கும் அளவுக்குக் காலம் இருக்கிறது.

ஆனால், அந்தக் காலம் அவர்கள் கைக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. கல்லூரி வகுப்புகளுக்கு 80 விழுக்காடு வருகை போதும் என்று சொல்லும் அதே விதிமுறை, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வேண்டும் என்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் 16 வாரத்துக்கு 80 வேலை நாள். அதில் 72 நாள் பள்ளியில் இருந்தாக வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு மருத்துவமனை, தனக்கே உடம்புக்கு முடியாத நாள் என எல்லாவற்றுக்கும் சேர்த்து எட்டு நாள்தான் மிச்சம். பயிற்சி என்றால் இவ்வளவு கண்டிப்பு இருக்கத்தான் வேண்டும் என்பதால் அதைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவ்வளவு கண்டிப்போடு பள்ளிக்கு வரவழைக்கப்படும் ஒருவருடைய நாள் எதில் செலவாகிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பயிற்சி ஆசிரியைக்கு மூன்று வயதில் ஒரு குழந்தை. காலையில் சமைத்து வைத்துவிட்டு, குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஆறே முக்கால் மணிப் பேருந்தைப் பிடிப்பார். அந்தப் பேருந்தை விட்டால் அடுத்தது எட்டரைக்குத்தான். அதில் வந்தால் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்திருக்கும். நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது அவருக்குப் பெரிய உதவி என்றாலும், அவர் ஊருக்கும் பள்ளிக்கும் இடையே இரண்டு பேருந்து மாற வேண்டியிருந்ததால் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பயணத்திலேயே போயிற்று. மாலையில் வீடு திரும்ப ஆறரை ஆகும். அதன் பிறகு தண்ணீர் பிடித்து, சமைத்து, குழந்தையைத் தூங்க வைத்த பின், மறுநாளுக்கான பாடத்திட்டத்தை எழுத உட்காரும்போது மணி பத்தாகிவிடும். அவருடன் படித்தவர்களில் திருமணமான பெண்கள் பலர் இருந்தார்கள். மாலையில் டியூஷன் எடுத்தும் கடையில் கணக்கு எழுதியும் கல்லூரிக் கட்டணத்தைத் தேற்றிக்கொண்டிருந்த இளைஞர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் நாள் இப்படித்தான் ஓடியது.

அந்தப் பத்து மணிக்கு மேல் அவர் எழுதியது என்ன என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தியின் மையம். பாடத்திட்டம் என்பது நோக்கங்கள், முன்னறிவு, ஊக்குவித்தல், கற்பித்தல் செயல்பாடு, மதிப்பீடு, வீட்டுப்பாடம் என்று கட்டம் கட்டி, ஆசிரியர் கேட்கும் கேள்வியும் மாணவர் சொல்லக்கூடிய பதிலும் எதிரெதிரே வருமாறு எழுத வேண்டிய ஒன்று. 45 நிமிடப் பாடவேளை ஒன்றுக்கு ஒழுங்காக எழுதினால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். தொடக்கத்தில் அப்படி எழுதிப் பழகுவது நல்லதே. அந்தக் கட்டங்கள் சிந்தனைக்கு ஒரு வரிசை தருகின்றன. ஆனால் அதோடு நிற்பதில்லை. சக மாணவர்கள் முன் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலுக்கு ஒரு பதிவேடு, பிறர் வகுப்பை உற்றுநோக்கியதற்கு ஒன்று, தேர்வும் மதிப்பீடும் குறித்து ஒன்று, ஒரு மாணவரை மட்டும் தொடர்ந்து கவனித்து எழுதும் தனியாள் ஆய்வுக்கு ஒன்று, வகுப்பறைச் சிக்கல் ஒன்றுக்குத் தீர்வு தேடும் செயல் ஆராய்ச்சிக்கு ஒன்று, துணைக்கருவிகள் செய்ததற்கு ஒன்று என்று அடுக்கிக்கொண்டே போகிறது. அவர் படித்த கல்லூரியில் எல்லாமே கையெழுத்தில்தான் இருக்க வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் அந்தத் தாளையே கிழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். ஒரே பாடத்திட்டத்தை முதலில் குறிப்பேட்டில் எழுதி, என்னிடம் கையொப்பம் வாங்கி, பிறகு அதையே வண்ணப் பேனாவால் ஓரம் போட்டு, ‘ரெக்கார்டு’ எனப்படும் இறுதிப் பதிவேட்டில் படியெடுத்தார்.

அந்த ஆண்டு அவர் ஒன்பதாம் வகுப்புக்கு இயற்கணிதத்தில் காரணித் தேற்றம் நடத்தினார். தேற்றத்தை அழகான எழுத்தில் வெள்ளை சார்ட்டில் எழுதி, சுற்றிலும் பூவேலைப்பாடு வரைந்து கொண்டுவந்திருந்தார். முந்தைய இரவு அதற்கே ஒன்றரை மணி நேரம் போனதாக என்னிடம் சொன்னார். வகுப்பு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “டீச்சர், x−2 காரணியான்னு பாக்குறதுக்கு ஏன் 2 போடணும்? அங்க மைனஸ் 2 தானே இருக்கு?” என்று கேட்டாள். அவர் ஒரு கணம் திகைத்துவிட்டு, “தேற்றத்துல அப்படித்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். அந்தப் பெண் உட்கார்ந்தாள். அதன் பிறகு அந்தப் பாடவேளை முழுவதும் வேறு யாரும் கேள்வி கேட்கவில்லை.

மதிய இடைவேளையில் அவரை அழைத்துப் பேசினேன். x−2 எப்போது பூச்சியமாகிறது என்று கேட்டதும் அவருக்கே விடை தெரிந்துவிட்டது. ஒரு கோவைக்கு x−2 காரணி என்றால், x−2 பூச்சியமாகும் இடத்தில் அந்தக் கோவையும் பூச்சியமாகியே தீர வேண்டும், x−2 பூச்சியமாவது x-க்கு 2 போடும்போது, அதனால்தான் 2. ‘இதை நேற்று இரவு யோசித்திருந்தால் எனக்கே தோன்றியிருக்கும், மேடம்’ என்றார். உண்மைதான். அவர் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவர். அவரிடம் குறைவாக இருந்தது அறிவல்ல. அந்த அரைமணி நேரச் சிந்தனைக்கு ஒதுக்க வேண்டிய பொழுதைப் பூவேலைப்பாடு எடுத்துக்கொண்டுவிட்டது; அந்தப் பூவேலைப்பாட்டுக்கு மதிப்பெண் இருந்தது, சிந்தனைக்கு இல்லை. மறுநாள் அவர் சார்ட் இல்லாமல் வந்து, அந்தப் பெண்ணின் கேள்வியையே கரும்பலகையில் எழுதிப் பாடத்தைத் தொடங்கினார். அன்று அவர் நடத்திய வகுப்பைப் போல் நான்கூடப் பல முறை நடத்தியதில்லை என்று நேர்மையாகச் சொல்கிறேன்.

பள்ளிகளின் பங்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆசிரியர் விடுப்பில் போனால் அந்த வகுப்புக்கு ‘டிரெய்னிங் டீச்சரை’ அனுப்பிவிடுவது எங்களுக்கு எளிதாகிவிட்டது. தேர்வு மேற்பார்வை, மதிப்பெண் பட்டியல் எழுதுவது, விடைத்தாள் அடுக்குவது, விழாவுக்கு மேடை அலங்காரம் என எல்லாவற்றுக்கும் அவர்களையே கூப்பிடுகிறோம். பள்ளி வேலைகள் அனைத்தையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது சரியே. ஒரு முறை செய்தால் அறிந்துகொள்ளலாம், பதினைந்து முறை செய்தால் அது பயிற்சியாகாது. தங்கள் பாடத்தில் இரண்டு வகுப்பு, பிறர் இல்லாத வகுப்புகளில் மூன்று என்று நடத்திவிட்டு மாலையில் களைத்துப்போய்ப் பேருந்தேறுபவரிடம், ‘நாளைக்கு நன்றாகத் தயாரித்துக்கொண்டு வாருங்கள்’ என்று சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை.

மாணவர்கள் பக்கத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. முதல் இரண்டு மாதம் ரெக்கார்டைத் தொடாமல் இருந்துவிட்டு, கடைசி வாரத்தில் வகுப்பின் பின் பெஞ்சில் உட்கார்ந்து, பிறர் நடத்தும் பாடத்தைக் கேளாமலே ‘உற்றுநோக்கல்’ பதிவேட்டை நிரப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் கொடுத்துப் பதிவேட்டை எழுதி வாங்கும் வழக்கம் இருப்பதும் இத்துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆசிரியராகப் போகிறவர் செய்யக்கூடாத செயல் அது. நெருக்கடியைக் காரணம் காட்டி அதை நான் ஏற்கமாட்டேன். எனவே என்னிடம் வருபவர்களுக்கு முதல் நாளே சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். இரவில் முழுப் பாடத்திட்டம் எழுத வேண்டாம். என்ன சொல்லப்போகிறோம், பிள்ளைகள் எங்கே இடறுவார்கள், எந்த மூன்று கணக்குகளைப் போடப்போகிறோம் என்று ஒரே பக்கத்தில் குறித்துக்கொண்டு வந்தால் போதும். அதைக் காலையில் நான் பார்த்துத் திருத்துகிறேன். வகுப்பு முடிந்த அன்றே, ஓய்வுப் பாடவேளையில், நினைவு பசுமையாக இருக்கும்போது ரெக்கார்டில் எழுதிவிட வேண்டும். வீட்டுக்கு ரெக்கார்டு போகவே கூடாது. தனியாள் ஆய்வுக்கான மாணவரை முதல் வாரத்திலேயே தேர்ந்துகொண்டு, வாரத்துக்கு இருமுறை ஐந்து வரி எழுதி வர வேண்டும். அந்த ஓய்வுப் பாடவேளையை யாரும் பறித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் ஒரு நாளைக்கு ஒரு பதிலி வகுப்புக்கு மேல் அவர்களுக்குத் தருவதில்லை என்று ஏற்றுக்கொண்டார். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு என்னிடம் வந்தவர்களில் ஒருவர்கூடக் கடைசி வாரத்தில் இரவு கண்விழிக்கவில்லை.

ஆயினும் இது ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியை செய்துகொண்ட ஏற்பாடு. அடுத்த பள்ளியில் இருப்பவருக்கு இது கிடைக்காது. ஆகவே ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் இதை விதியாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு பாடத்திட்டத்தை ஒரு முறைதான் எழுத வேண்டும். வழிகாட்டி ஆசிரியர் சிவப்பு மையால் திருத்திய அந்தப் பிரதியே, அடித்தல் திருத்தலோடு, இறுதி ரெக்கார்டாக ஏற்கப்பட வேண்டும். திருத்தம் இருப்பதுதான் கற்றதற்கு அடையாளம். முதல் பத்துப் பாடங்களுக்கு விரிவான வடிவம், அதற்குப் பின் ஒரு பக்கச் சுருக்க வடிவம் என்று பிரித்துவிடலாம். அலங்காரத்துக்கான மதிப்பெண்ணை எடுத்து, மாணவர் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்குச் சொன்ன பதில்களையும் குறித்து வைக்கும் பக்கத்துக்குக் கொடுக்கலாம். கல்லூரிப் பேராசிரியர்கள் பயிற்சியின் முடிவில் வந்து நோட்டுகளைப் புரட்டுவதைவிட, நடுவில் இருமுறை வந்து பின் வரிசையில் ஒரு பாடவேளை உட்கார்ந்து கேட்பது எவ்வளவோ பயன் தரும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டம் வாங்கியவுடன் இவர்களுக்கு வேலை வந்துவிடுவதில்லை. பட்டதாரி ஆசிரியராக வேண்டுமானால் 150 வினாக்கள் கொண்ட தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேற வேண்டும். அதன் பிறகு தனியாக நியமனத் தேர்வும் இருக்கிறது. ஆகையால் பயிற்சிக் காலத்திலேயே சனி, ஞாயிறுகளில் தேர்வுக்குப் படிக்கிறார்கள். படிப்பை முடித்து மருத்துவமனையில் பயிற்சி பெறும் மருத்துவ மாணவர்களுக்கு அரசு மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. 16 வாரம் பள்ளியில் முழு நாளும் இருந்து வகுப்பெடுக்கும் பயிற்சி ஆசிரியருக்கு, அதே அளவு இல்லாவிட்டாலும், பேருந்துச் செலவுக்கும் சார்ட்டு, அட்டை வாங்கும் செலவுக்குமாவது ஒரு தொகை தருவதை அரசு பரிசீலிக்க வேண்டும். மாலை டியூஷன் ஒன்றைக் குறைத்துக்கொண்டால் ஒருவருக்கு நாளுக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும்; மறுநாள் எங்கள் பிள்ளைகள் எழுந்து கேட்கப்போகும் கேள்வியை அந்த நேரத்தில்தான் அவர் முன்கூட்டியே யோசித்துப் பார்க்க முடியும்.

அடுத்த அணி எங்கள் பள்ளிக்கு வருவதற்கு முன், பதிவேடுகளின் எண்ணிக்கையைக் குறைத்தும் திருத்திய பிரதியை ஏற்கலாம் என்று தெளிவுபடுத்தியும் ஒரு சுற்றறிக்கையாவது கல்லூரிகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். தங்கள் நாளிதழ் வழியாக இது உரியவர்களின் கவனத்துக்குப் போகும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
கணிதப் பட்டதாரி ஆசிரியை,
அரசு மேல்நிலைப் பள்ளி,
திருவண்ணாமலை மாவட்டம்.