மட்டக்களப்பிலிருந்து குகனுக்கு

அன்பின் குகன்,

இங்கு யாவரும் நலம். அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து, உன் பழைய படத்தைப் பார்த்து மீசையைக் குறைசொல்லும் அளவுக்குப் பார்வை தெளிந்துவிட்டது.

எழுத வந்தது வேறு விடயம். எங்கள் ஆதார வைத்தியசாலையின் மயக்க மருந்து நிபுணர் பதவி விலகி இங்கிலாந்துக்குப் போய்விட்டார். சத்திரசிகிச்சை நிபுணரும் தாதியரும் இருந்தும் சத்திரசிகிச்சைக் கூடம் பூட்டிக் கிடக்கிறது. சென்ற வாரம் படுவான்கரையிலிருந்து ஆட்டோவில் வந்த கர்ப்பிணி ஒருவரை, பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அம்புலன்ஸில் ஏற்றிப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினோம். கிளினிக் கொப்பியைப் பிடித்தபடி ஓடிவந்த கணவரிடம் காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆளணிப் பட்டியலில் இது ஒரேயொரு வெற்றிடம்தான்.

நீ வைத்தியராக இருக்கும் அவுஸ்திரேலிய ஊரின் சனம், டொக்டர்மார் எல்லாரும் வெளிநாட்டுக்காரர் என்று முணுமுணுப்பதாகச் சிரித்துக்கொண்டு எழுதியிருந்தாய். அவுஸ்திரேலிய வைத்தியர்களில் ஏறத்தாழ மூன்றிலொருவர் வெளிநாட்டில் படித்தவர் என்றால், முணுமுணுப்பவரின் நாடியைப் பிடித்துப் பார்க்கவும் வேறு யார் வருவார்? வெளிநாட்டில் படித்தவர் ஆள் பற்றாக்குறையான பிரதேசத்தில் வேலை செய்தாலன்றிப் பத்து வருடங்களுக்கு மெடிக்கெயர் என்ற அரச மருத்துவக் காப்புறுதியின் கொடுப்பனவு இல்லை என்று 1997 முதல் விதி வைத்து, தம் பிள்ளைகள் போக விரும்பாத ஊர்களை உன்னைப் போன்றவர்களால் நிரப்பியது கெட்டித்தனம்தான். நாமோ இலவசமாகப் படிப்பித்து, நிபுணராவதற்கு வெளிநாட்டுப் பயிற்சி வேண்டும் என்று நாமே விமானமேற்றிவிட்டு, திரும்பி வராதவரைத் துரோகி என்று ஏசுகிறோம்.

உன்னை ஏச மாட்டேன். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றுவிட்டு இரவுக் கடமைக்குப் போனவனுக்கு, போகிறவரின் மனம் விளங்கும். ஆனால் கொழும்பில் ஒருவர் போனால் பக்கத்து அறையில் இன்னொருவர் இருப்பார். இங்கே ஒருவர் போனால் ஒரு பிரிவே நின்றுபோகிறது. எங்களுக்கும் வெளியூரார்தான் கைகொடுக்கிறார்கள். காலியிலிருந்தும் குருநாகலிலிருந்தும் வரும் இளம் வைத்தியர்கள் “எங்க நோகுது?” என்று தமிழில் கேட்கப் பழகும்போதே இடமாற்றக் கடிதம் வந்துவிடுகிறது. ஒழுகாத விடுதியும் பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடமும் கொடுத்தால் பாதிப் பேராவது நிற்பார்கள் என்பது என் கணக்கு.

பத்து வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் நகரத்துக்கு ஓடாமல் உங்கள் ஊரிலேயே நிற்கிறார்கள், எதற்காக நிற்கிறார்கள் என்று விசாரித்து எழுது. அடுத்த மாதக் கூட்டத்தில் பணிப்பாளரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ரவி