கால்நடை ஏற்றும் வாகனங்கள்: சந்தையிலேயே சோதனை, பறிமுதலுக்குப் பின் முறையான பராமரிப்பு கோரி மனு

அனுப்புநர்
கால்நடை மருத்துவம், சட்டம், விலங்குநலம் ஆகிய துறைகளில் பணிபுரிவோர்

பெறுநர்
மாவட்ட ஆட்சியரும் மாவட்ட நடுவருமான அவர்களுக்கு

பொருள்: மாடுகளை வாகனங்களில் ஏற்றிச் செல்வதில் சட்ட விதிகளைச் செயல்படுத்துவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் 11ஆம் பிரிவு, தேவையற்ற வலி உண்டாகும்படி விலங்குகளை ஏற்றிச் செல்வதைக் குற்றம் என்கிறது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை. ஒரு மாட்டைக் கூடுதலாக ஏற்றினால் வரும் லாபத்துக்கு முன் இது ஒன்றுமே இல்லை. அபராதத்தை உயர்த்துவது நாடாளுமன்றத்தின் வேலை. ஆனால், ஏற்றும் இடத்திலேயே தடுக்கவும், பறிமுதலான மாடுகளின் செலவை உரியவரிடமே வசூலிக்கவும் தங்கள் கையில் இப்போதே அதிகாரம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தக் கோருவதே இம்மனு.

முதலில் சந்தை. விலங்குகள் போக்குவரத்து விதிகள் 1978-இன்படி, மாடு பயணத்துக்குத் தகுதியானது என்று கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும். ஒரு சரக்கு வாகனத்தில் ஆறு மாடுகளுக்கு மேல் கூடாது. தரையில் தென்னை நார்ப் பாய் போன்ற வழுக்காத விரிப்பு வேண்டும். உடன் ஓர் உதவியாளர் வேண்டும். மாடுகளோடு வேறு சரக்கு ஏற்றக் கூடாது. ஆறு என்பதை எல்லா வண்டிக்கும் பொதுவான அனுமதியாகப் படிப்பதுதான் களத்தில் நடக்கும் பெரும் பிழை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 125-ஈ விதி, நிரந்தரத் தடுப்புகளோடு மாடு ஒன்றுக்கு 2 சதுர மீட்டர் இடம் கேட்கிறது. எட்டடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள சிறிய சரக்கு வண்டியில் இந்தக் கணக்குக்கு ஒரு மாடுதான் ஏறும். எனவே சோதிப்பவர் கையில் அளவு நாடா இருக்க வேண்டும். மாடுகளை எண்ணிப் பார்ப்பது மட்டும் போதாது.

விதி மீறினால் உடலுக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். விரிப்பு இல்லாத தகரத் தரையில் சாணமும் கோமியமும் சேர்ந்ததும் குளம்பு நிற்காது. ஒரு மாடு விழுந்தால், நெரிசலில் அதனால் எழ முடியாது, மற்றவை மிதிக்கும். மூக்கணாங்கயிற்றை மேல்கம்பியில் குட்டையாகக் கட்டினால், பிரேக் போடும்போது மூக்குத்தண்டு கிழியும். விழுந்த மாடு கயிற்றிலேயே தொங்கும். எழுப்புவதற்காக வாலை முறுக்குவதும் கண்ணில் மிளகாய் தேய்ப்பதும் இதன் அடுத்த கட்டம். இறக்கும்போது சாய்தளம் இல்லாமல் குதிக்கவைத்தால் கால் முறியும். ஆகவே ஒவ்வொரு சந்தையிலும் ஒரு சாய்தளம் கட்டித் தர வேண்டுகிறோம். சாய்வு 20 டிகிரிக்கு மிகக் கூடாது. நான்கடி உயர வண்டித் தளத்துக்குச் சுமார் பன்னிரண்டு அடி நீளம் போதும். 20 சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்குக் கட்டைகள் பதிக்க வேண்டும். சந்தை நாட்களில் கால்நடை உதவி மருத்துவர் அங்கேயே இருந்து, மாட்டை நேரில் பார்த்த பிறகே சான்று தர வேண்டும். கண்ணால் காணாமல் கையெழுத்திட்ட சான்று இல்லாத சான்றைவிடக் கெடுதல், ஏனெனில் அது வழியில் எல்லாக் கேள்விகளையும் நிறுத்திவிடும்.

அடுத்தது பறிமுதல். இந்தப் போக்குவரத்துக் குற்றம் காவல்துறை தானாகக் கைது செய்யக்கூடியதல்ல என்பதால், சோதனைச் சாவடியில் எதுவும் செய்ய முடியாது என்று எண்ணப்படுகிறது. அது சரியன்று. 1960 சட்டத்தின் 34ஆம் பிரிவு, காவலருக்கு மேற்பட்ட எந்தக் காவல் அலுவலரும் மாட்டைக் கைப்பற்றிப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்கிறது. தலைமைக் காவலரே போதும். இதைச் சாவடிகளுக்கு எழுத்து உத்தரவாக அனுப்ப வேண்டுகிறோம். குற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடராவிட்டால் 36ஆம் பிரிவின்படி அது காலாவதியாகும் என்பதையும் அதே உத்தரவில் சேர்க்க வேண்டும்.

கைப்பற்றிய மாடுகளை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலும் எல்லாம் முறிகிறது. நிலைய வளாகத்தில் நிழலின்றிக் கட்டப்பட்டு, அதே ஆளிடமே திரும்பப் போகின்றன. 2001ஆம் ஆண்டு விதிகள் மாவட்டந்தோறும் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கமும் அதற்குக் காப்பகமும் இருக்க வேண்டும் என்கின்றன. அதற்கு நிலம் ஒதுக்கித் தர வேண்டுகிறோம். 1960 சட்டத்தின் 35(4)ஆம் பிரிவின்படி பராமரிப்புச் செலவை உரிமையாளரே தர வேண்டும். அந்தக் கட்டண விகிதத்தை நிர்ணயிக்க வேண்டியவர் மாவட்ட நடுவரான தாங்கள். விகிதம் இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் எதைக் காட்டிப் பணம் கேட்பது? வழக்கில் கைப்பற்றப்பட்ட விலங்குகளுக்கான 2017ஆம் ஆண்டின் வழக்குச் சொத்து விலங்குகள் பராமரிப்பு விதிகள், வண்டியைப் பிணையாக வைக்கவும், வண்டி உரிமையாளர், அனுப்பியவர், பெறுபவர் எல்லோரையும் கூட்டாகப் பொறுப்பாக்கவும் வழி தருகின்றன. 50 ரூபாய்க்கு அஞ்சாதவர் வண்டி நிற்பதற்கு அஞ்சுவார்.

காப்பகப் பணியாளருக்கும் சிறு பயிற்சி தேவை. நெடும்பயணத்தில் வாடிய மாட்டுக்கு முதலில் தண்ணீர். அதையும் சிறிது சிறிதாக, பல முறை. பிறகு வைக்கோல், பசுந்தீவனம். இரக்கப்பட்டு எடுத்த எடுப்பில் அடர்தீவனத்தையோ அரிசியையோ நிறையக் கொடுத்தால், வயிற்றில் அமிலம் ஏறி அந்த மாடே இறந்துபோகும். எழ முடியாத மாட்டை வைக்கோல் மெத்தையில் நெஞ்சுக்கட்டையில் நிமிர்த்தி அமர்த்தி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். ஒரே பக்கம் கிடந்தால் வயிறு உப்பும், அடியில் சிக்கிய காலின் தசையும் நரம்பும் செத்துப்போகும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். சோதனை அலுவலர்களால் மட்டுமே நடக்க வேண்டும். தனியார் குழுக்கள் சாலையில் வண்டியை மறிக்க இடம் தரக் கூடாது. கறவை மாடு வாங்கிப் போகும் விவசாயியும் ஒழுங்காகச் சான்று பெற்ற வியாபாரியும் அலைக்கழிக்கப்பட்டால், அவர்கள் இரவு வழிகளைத் தேடுவார்கள்; மாடுகளுக்கு அது இன்னும் கொடுமை. வண்டியில் ஏறுகிற மாடு பண்ணைக்குப் போனாலும் அறுவைக்கூடத்துக்குப் போனாலும் வழியில் படும் வலி ஒன்றே. 1960 சட்டத்தின் 3ஆம் பிரிவு விதிக்கும், விலங்கின் நலனைக் காக்கும் கடமை யார் வசம் மாடு இருக்கிறதோ அவருடையது. அரசின் வசம் வந்த பிறகு அது அரசினுடையதும் ஆகிறது.

மேற்கண்ட உத்தரவு, சாய்தளம், காப்பக நிலம், கட்டண விகிதம் ஆகிய நான்கின் மீதும் நடவடிக்கை எடுத்து, எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்

இணைப்பு: சாவடிச் சோதனைப் படிவத்தின் மாதிரி