கடலடியில் கிடக்கும் நம் கப்பல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டாம் உலகப் போரில் யப்பானியத் தற்கொலை விமானங்கள் பலமுறை மோதியும் மூழ்காத அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான 'இன்ட்ரெபிட்', 1974இல் சேவையிலிருந்து விலக்கப்பட்டு, உடைபடும் கதியிலிருந்து தப்பி, 1982 முதல் நியூயோர்க்கில் நூதனசாலையாக நிற்கிறது. அதன் வரலாற்றை வாசித்தபோது என் மனம் நம் கல்லடிக் கடலுக்கே திரும்பியது.

விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதற் கப்பலான பிரித்தானியாவின் 'ஹெர்மிஸ்', மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. தாக்குதல் வருமென்ற எச்சரிக்கையால் திருகோணமலையை விட்டு வெளியேறிய அக்கப்பல், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி துறைமுகத்துக்குத் திரும்பும் வழியில், தன்னைக் காக்க ஒரு விமானமேனும் தளத்தில் இல்லாத நிலையில், யப்பானியக் குண்டுவீச்சு விமானங்களிடம் அகப்பட்டது. முந்நூறுக்கும் அதிகமானோர் மாண்டனர். துணைவந்த அவுஸ்திரேலியாவின் 'வம்பயர்' கப்பலும் மூழ்கியது. உயிர்தப்பிய ஏறத்தாழ அறுநூறு பேரை 'வீற்றா' என்ற மருத்துவக் கப்பல் கடலிலிருந்து மீட்டது.

வெளிநாட்டுச் சுழியோடிகள் தேடிவரும் இக்கப்பலை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? அது போர்வீரர்களின் கல்லறை. அதைத் தொடவோ, அதன் பாகங்களைக் கழற்றவோ கூடாது. ஆனால் ஒல்லாந்தர் கோட்டையிலோ முகத்துவாரம் வெளிச்சவீட்டின் அருகிலோ கப்பலின் மாதிரியுரு, படங்கள், மாண்டோரின் பெயர்ப்பட்டியல், தமிழ் விளக்கம் ஆகியவற்றுடன் ஒரு சிறு காட்சிக்கூடம் அமைக்குமாறு உரிய அதிகாரிகளைத் தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு.