ஆளைப் பார்க்காமல் எழுதாதே

அன்பு பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நீ கைதிகளின் மனநிலை பற்றிக் கோர்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதும் வேலையில் சேர்ந்ததை அண்ணன்தான் சொன்னான். டெக்சாஸ் கோர்ட்டில் என் மகள் சாட்சிக் கூண்டேறப் போகிறாள் என்று பெரியம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சியம் டைப் அடித்தவள் நான். சாட்சி டாக்டர் என்றால் வக்கீலின் குரலே இறங்கிவிடும். அதனால் சொல்கிறேன், ஆளைப் பார்க்காமல் எழுதாதே.

அண்ணன் சொன்னதிலிருந்து செல்போனில் இதையேதான் படிக்கிறேன். அந்த ஊர் மனநல டாக்டர் கிரிக்சனை உனக்குத் தெரியாதா! 1977இல் கொலை வழக்கில் சிக்கிய ராண்டல் ஆடம்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சில படங்களைப் பார்த்து வரையச் சொன்னார். உருளும் கல்லில் பாசி படியாது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். அப்புறம் கோர்ட்டுக்குப் போய், இவன் இனியும் ஆபத்தானவன் என்றார். ஆடம்ஸுக்கு மரண தண்டனை. தாத்தாவிடம் அந்தப் பழமொழியைக் கேட்டிருந்தால் பேச்சு வயக்காடு வரை போயிருக்கும், அதையும் நோய் என்று எழுதியிருப்பார். தீர்ப்பு ரத்தாகி ஆடம்ஸ் வெளியே வர 1989 ஆயிற்று.

பேர்ஃபுட் என்பவரின் கொலை வழக்கில் அதே டாக்டர் ஆளைப் பார்க்கவே இல்லை. வக்கீல் கற்பனையாக வைத்த கேள்விக்கு, நூற்றுக்கு நூறு ஆபத்து என்று பதில். இந்த மாதிரிக் கணிப்பு மூன்றில் இரண்டு தப்பு என்று மனநல மருத்துவர் சங்கமே எழுதிக்கொடுத்தும், 1983இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அந்தச் சாட்சி செல்லும் என்றுவிட்டது. மறு வருஷம் பேர்ஃபுட்டுக்குத் தண்டனை நிறைவேறி உயிர் போயிற்று. சங்கம் டாக்டரை நீக்கியது 1995இல். நீக்கி என்ன?

கிஹானோ உன்னைப் போல உளவியல் படித்தவர். கொலை வழக்கில் சிக்கிய டுவேன் பக் கறுப்பர் என்பதால் ஆபத்து கூடும் என்று 1997இல் சாட்சி சொன்னார். அவரைக் கூப்பிட்டது பக்கின் சொந்த வக்கீலே! அது தப்பு என்று சுப்ரீம் கோர்ட் சொல்ல 2017 ஆயிற்று.

நம் சின்ன மாமாவைப் பற்றியும் யாரோ ஒருவர் பேப்பரில் ஒரு வரி எழுதினார். எழுதியவருக்கு இன்று அது ஞாபகம்கூட இருக்காது. மாமிக்கு இருக்கிறது.

நீ எந்தத் தரப்புக்கு எழுதுகிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. கெட்டிக்காரி, உனக்குத் தெரியும். ஆனாலும் ஆளைப் பார், அவன் வீட்டாரிடம் பேசு, பிடிபடாததைப் பிடிபடவில்லை என்றே எழுது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. வழக்குப் பேச்சை எடுக்க மாட்டேன். அப்பா எடுத்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா