ஐஸில் புதைந்த குழாய்களுக்காக ஒரு நன்றி மடல்

அன்பிற்குரிய அனைவருக்கும்,

சென்ற வாரம் எங்கள் ஆய்வகத்தின் ஃப்ரீசர் நின்றுபோனதை நீங்கள் அறிவீர்கள். மீண்டும் விவரிக்க மனமில்லை. நேற்று மாலை ஒளிர்வுமானியின் திரையில் கோடு சரியத் தொடங்கியபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

முதல் நன்றி எங்கள் தளத்தைத் துப்புரவு செய்யும் அக்காவுக்கு. ஃப்ரீசரின் அலாரம் ஒலித்தபோது, யாரும் சொல்லாமலேயே, அவர் என் பெயர் எழுதிய பெட்டியை வெளியே எடுத்து, ஐஸ் இயந்திரத்திலிருந்து ஐஸை அள்ளித் தெர்மாகோல் பெட்டியில் நிரப்பி, மூடிகள் மட்டும் வெளியே தெரியும்படி குழாய்களைக் கழுத்தளவு புதைத்து, குளிரறையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீங்க அந்தக் குழாய எப்பவும் ஐஸ்லதானே வச்சுத் தூக்கிட்டுப் போவீங்க?" என்றார்.

அவற்றில் இருந்தது, ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் செல் சவ்வுக்குரிய ஏஎச்ஏ2 என்னும் புரோட்டான் பம்ப். ஈஸ்ட்டில் உருவாக்கித் தூய்மைப்படுத்தியது. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் சிதைத்துப் புரோட்டானைச் செல்லுக்கு வெளியே தள்ளும் இந்த நொதி உண்டாக்கும் விசையைக் கொண்டுதான் வேர் மண்ணிலிருந்து நைட்ரேட்டை உறிஞ்சுகிறது. சவ்வை விட்டு, சோப்பு போன்ற டிடர்ஜென்ட்டில் கரைந்து நிற்கும் நிலையில் அது வெப்பத்தைத் தாங்காது. சோயா லெசித்தின் என்னும் கொழுப்பால் ஆன நுண்குமிழிகளின் சுவரில் பதித்து, டிடர்ஜென்ட்டை அகற்றிய பிறகே அது பம்பாக வேலை செய்வதைப் பார்க்க முடியும்.

அவர் காப்பாற்றிய நொதியைப் பதித்த குமிழிகளில், உள்ளே புரோட்டான் சேரச் சேர ஒளி மங்கும் ஏசிஎம்ஏ சாயமும் ஏடிபியும் சேர்த்து, கடைசியாக நொதி இயங்கத் தேவையான மக்னீசியத்தை விட்டதும் ஒளிர்வு இறங்கியது. ஏடிபி குமிழிக்கு வெளியே இருப்பதால், இங்கே புரோட்டான்கள் குமிழிக்குள் சேர்கின்றன என்று பொருள். இந்த நொதியைத் தடுக்கும் வனடேட் கலந்த குமிழிகளில் அந்தச் சரிவு இல்லை என்பதால், அது இந்த நொதியின் வேலைதான் என்று உறுதியானது. அக்காவை அழைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இறங்கினா நல்லதா?" என்று கேட்டார். நல்லது என்றேன், அதற்கு மேல் பேச வரவில்லை.

தங்கள் ஃப்ரீசரில் இடம் ஒதுக்கிய பக்கத்து ஆய்வகத்தாருக்கும், விடியும்வரை நின்ற மின்பணியாளர்களுக்கும், இந்தச் சோதனைக்கு வேண்டிய வாலினோமைசின் என்னும் வேதிப்பொருளைத் தந்துதவிய நண்பர்களுக்கும், கால நீட்டிப்புக்குப் பரிந்து பேசிய நெறியாளருக்கும் என் மனமார்ந்த நன்றி.

தனித்தனிக் குமிழிகளைக் கவனித்த கோபன்ஹேகன் ஆய்வாளர்கள், இந்தப் பம்ப் இடைவிடாமல் ஓடுவதில்லை, அவ்வப்போது ஓய்கிறது, சில வேளைகளில் புரோட்டானைக் கசியவும் விடுகிறது என்று 2016-இல் காட்டினார்கள். அந்த ஓய்வையும் கசிவையும் தொடர்ந்து ஆராய வேண்டும் என்ற என் ஆசைக்கு இனி வழியுண்டு. ஆய்வேட்டின் நன்றியுரையில் முதற்பெயர் அக்காவுடையதாக இருக்கும். அதற்கு முன்பாக, ஆங்கிலத்தில் மட்டுமே ஒட்டப்பட்டிருக்கும் அவசரக் குறிப்பைத் தமிழில் எழுதி, அவரிடம் வாசித்துக் காட்டித் திருத்திக்கொண்டு, இந்த வாரமே ஒவ்வொரு ஃப்ரீசர் கதவிலும் ஒட்டிவிடுவேன்.