கிரயப் பத்திரமும் ஆதியாகமமும்

ஏற்காடு,
செப்டம்பர் 14

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, அம்மாப்பேட்டைக் கடைவீதி வரை நீ மறுபடி நடந்து வருகிறாய் என்றறிந்து மகிழ்ந்தேன். இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்தபோது, "எங்களுக்கு மலையே சாமி, உங்கள் வேதமோ மனிதனிடம் பூமியை ஆண்டுகொள் என்று சொல்லிவிட்டது, பிறகு கோடரிக்கு என்ன தயக்கம்?" என்றாய். இப்போது எழுத்திலும் அதையே கேட்டிருக்கிறாய். 1967-இல் லின் ஒயிட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியரும் ஏறக்குறைய இதையே கேட்டார். ஆகவே உனக்குத் துணை உண்டு.

மறுத்துப் பேச எனக்கு வாயில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், மகளின் கல்யாணச் செலவுக்காகக் கீழ்த்தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்றேன். அவற்றில் ஏறியிருந்த மிளகுக் கொடிகளும் சேர்ந்து போயின. நிழல் போனதும் வெயில் நேராகக் காப்பித் தண்டில் விழுந்தது; அப்படி வெயில் படும் செடியைத்தான் தண்டு துளைக்கும் வண்டு தேடி வந்து முட்டையிடும். நேற்று இலை மஞ்சளித்த ஒரு செடியைப் பிடித்து லேசாக அசைத்தேன். கையோடு முறிந்து வந்தது. உள்ளே வளைந்து வளைந்து சென்ற துளை முழுவதும் மரத்தூள் இறுகிக் கிடந்தது. அதன் கோடியில் வெளுத்த புழு ஒன்று நெளிந்தது.

அன்றிரவு அப்பா காலத்துக் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்றிருந்தது. பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலுள்ள "ஆண்டுகொள்ளுங்கள்" என்ற சொல்லை இத்தனை காலமும் இந்தப் பத்திரத்துக் காதோடுதான் கேட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த அதிகாரத்திலேயே, மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதைப் "பண்படுத்தவும் காக்கவும்" என்று எழுதியிருக்கிறது. பண்படுத்துதல் என்று நாம் படிக்கும் இடத்தில் எபிரெயத்தில் உள்ள வினைச்சொல் 'அபாத்'. கடவுளுக்கு ஊழியம் செய்வதற்கும் அதே சொல்தான். லேவியராகமம் 25-ஆம் அதிகாரமோ, ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொல்வதோடு, தேசம் கர்த்தருடையது, நீங்கள் அவரிடத்தில் புறக்குடிகள், ஆகவே நிலத்தை அறுதியாய் விற்கக் கூடாது என்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் செல்லுபடியாகாத வாசகம்தான்!

ஒன்றில் மட்டும் உன்னோடு என்னால் சேர முடியாது. மலையைச் சாமி என்று நாங்கள் சொல்வதில்லை. படைத்தவர் வேறு, படைப்பு வேறு. ஆனால் சாமி அல்ல என்பதனாலேயே அது என் சொத்து என்றாகிவிடாது. நீயும் அந்த வரலாற்றாசிரியரும் தாண்டிப் போகும் இடம் இதுவென்று எனக்குப் படுகிறது. வெள்ளம் வடிந்தபின் கடவுள் உடன்படிக்கை செய்தது நோவாவின் குடும்பத்தோடு மட்டுமல்ல, பறவைகளோடும் நாட்டு மிருகங்களோடும் காட்டு மிருகங்களோடும்தான். துன்பத்தில் தவித்த யோபுவிடம் அவர் பேசும்போது, மனிதர் குடியிராத வனாந்தரத்தில் மழை பெய்விப்பது யார் என்று கேட்கிறார். அந்த மழை யாருடைய காப்பிக்காகவும் பெய்வதல்ல. படைப்பு முழுவதும் பிரசவ வேதனைப்பட்டு விடுதலைக்குக் காத்திருக்கிறது என்று ரோமருக்குப் பவுல் எழுதினார். கிறிஸ்துவின் மூலமாக ஒப்புரவாக்கப்படுபவை பூமியிலும் வானத்திலும் உள்ள எல்லாமே என்று கொலோசெயர் நிருபம் சொல்கிறது. நான் கேட்டு வளர்ந்த பிரசங்கங்களில் ஆத்தும இரட்சிப்பைப் பற்றி வந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பற்றி வந்ததில்லை. அது எங்கள் குறை, வேதத்தின் குறையல்ல.

ஜூன் மழையில் கீழ்த்தோட்டம் நெடுகக் கல்யாண முருங்கைப் போத்துகளை ஊன்றினேன், பெரும்பாலும் துளிர்த்துவிட்டன. இடையிடையே வைத்த பலாக்கன்றுகளில் பாதியைக் காட்டெருமை மேய்ந்துவிட்டது. நோவாவின் உடன்படிக்கையில் அதற்கும் பங்குண்டு என்று நீ சிரிப்பாய். இருந்தாலும் வேலிக்காரரிடம் நாளை பேச வேண்டும். அக்டோபரில் வண்டு பறக்கத் தொடங்குமுன், துளை விழுந்த செடிகளையெல்லாம் பிடுங்கி எரித்தாக வேண்டும். ஜனவரியில் பழம் பறிக்கும்போது, முழங்கால் இடம் கொடுத்தால் வந்து பத்து நாள் தங்கு.

என்றும் உன்,
தேவதாஸ்