மலையிறங்கும் கார்களுக்கு இ-பாஸிலேயே வழிகாட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பத்தோடு உதகைக்குச் செல்லும் கார் ஏற்றத்தில் சூடாகி நின்றால் பயணம்தான் தாமதமாகும். இறக்கத்தில் பிரேக் சூடேறினாலோ உள்ளே இருக்கும் அத்தனை பேரின் உயிருக்கும் ஆபத்து. இதைச் சமவெளியிலிருந்து வருவோருக்கு முன்கூட்டியே சொல்லும் ஏற்பாடு வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரிலிருந்து 300 மீட்டர் அளவே உயரமுள்ள மேட்டுப்பாளையத்துக்கு 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்குகிறோம். ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் பால பாடம். அதை அறியாமல் நான்காவது கியரிலோ நியூட்ரலிலோ வண்டியை விட்டு, பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுமை ஏறக்குறைய முழுவதும் பிரேக் பேடுகளின் மேல் விழுகிறது. அவை சூடேறி, அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கும் பரவுகிறது. பிரேக் ஆயில் நாளடைவில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்துவிட்டால், பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது.

சென்ற மே மாதம் இதே பாதையில் பர்லியாருக்குச் சற்று மேலே எங்களுக்கு நேர்ந்ததும் இதுதான். முன்சக்கரத்திலிருந்து கருகிய நாற்றம் வந்து, பெடல் பஞ்சுபோல் அமுங்கத் தொடங்கியதும், என் கணவர் கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல இழுத்து ஓரமாக நிறுத்திவிட்டார். பின்னால் கேரட் மூட்டைகளோடு வந்த லாரியின் ஓட்டுநர் இறங்கிவந்து, தம் வண்டியிலிருந்த மரக்கட்டையைச் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தார். "நல்லா ஆறட்டும்மா, அவசரப்பட்டுத் தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, டிஸ்க் கோணிக்கும்" என்றார். புறப்படும்போது கட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டதோடு, யாரோ அண்டக் கொடுத்துவிட்டு அப்படியே போட்டுப்போன இரண்டு கற்களையும் சாலையிலிருந்து அகற்றினார். இரவில் இருசக்கர வாகனத்தில் வருபவருக்கு அந்தக் கற்களே எமன் என்று அவர் சொன்னதை ஒவ்வொரு பயணியும் அறிந்திருக்க வேண்டும். அங்கே கைப்பேசிக்குச் சிக்னலும் இல்லை. பலாப்பழ சீசனில் யானைகள் நடமாடும் பகுதி என்பதால், குழந்தைகளையும் என் மாமியாரையும் காரைவிட்டு இறக்கவும் அஞ்சினோம்.

இரண்டாவது கியரில் செல்லுமாறு கூறும் பலகைகள் வழியில் இருக்கின்றன. ஆனால் வளைவில் எதிரே பேருந்து வரும்போது பலகையைப் படிக்க யாருக்கு முடியும்? 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர் இ-பாஸ் பெற்றே செல்கிறோம். வண்டி எண்ணையும் ஆட்களின் எண்ணிக்கையையும் கேட்டுப் பெறும் அந்த ஏற்பாட்டிலேயே, இறங்கும் முறையைப் பத்து வரிகளில் தமிழிலும் அண்டை மாநில மொழிகளிலும் அனுப்பலாமே. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் 'எல்' (குறைந்த கியர்) நிலையிலோ மேனுவல் முறையிலோ இறங்க வேண்டும் என்பதையும், எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் இறுகிவிடும் என்பதையும் அதில் அவசியம் சேர்க்க வேண்டும்.

அத்துடன், குன்னூருக்கும் கல்லாறுக்கும் இடையே வண்டியை நிறுத்தி பிரேக்கை ஆறவிடப் பாதுகாப்பான இடங்களைக் குறித்து, வளைவு எண் எழுதியுள்ள பலகைகளிலேயே பழுது உதவிக்கான தொலைபேசி எண்ணையும் பொறிக்க வேண்டும். எந்த வளைவில் நிற்கிறோம் என்று சொல்ல முடிந்தால், மெக்கானிக் தேடி அலைய வேண்டியிருக்காது. நெடுஞ்சாலைத் துறையும் மாவட்ட நிர்வாகமும் இவற்றை அடுத்த கோடை சீசனுக்கு முன்பே செய்து முடிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
திருப்பூர்.